தொண்ணூறுக்கு மேல் வேண்டாம்

காவ்லிக்கு எதையும் மிச்சம் வைக்கத் தெரியாது. தட்டில் சோறானாலும் சரி, பள்ளிக்கூடத்தில் பாடமானாலும் சரி, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுதான் நகர்வாள். இரண்டாம் வகுப்பில், விருப்பமிருந்தால் செய்யலாம் என்று டீச்சர் ஒரு கணக்குத் தாள் கொடுத்தார். வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் அதைச் செய்துகொண்டு வந்தாள். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளை முறைத்தவள் நான். இன்றுவரை முறைத்துக்கொண்டேதான் கூட இருக்கிறேன்.

என் பெயர் நொஹேமி. அமெரிக்காவில், ஃபிரெஸ்னோவின் தென்கிழக்கில் எங்கள் வீடும் காவ்லியின் மூவா குடும்பத்து வீடும் ஒரே தெரு. எங்கள் அம்மா சோளமாவில் அவிக்கும் தமாலே அந்த வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டு மிளகாய்த் துவையல் இங்கே வரும். எங்கள் வீட்டில் ஸ்பானிஷ், அங்கே தென்கிழக்கு ஆசிய மலைகளிலிருந்து வந்த மோங் மக்களின் மொழி. இரண்டு வீட்டுக் குழந்தைகளும் தெருவில் சண்டை போட்டுக்கொண்டது மட்டும் ஆங்கிலத்தில். காவ்லியின் அப்பா ஊருக்கு வெளியே குத்தகைக்கு நிலம் எடுத்து நீட்டுக் காராமணி, பாகற்காய், எலுமிச்சம்புல், குட்டிக் கத்திரிக்காய் எல்லாம் போடுகிறார். சனிக்கிழமைதோறும் லாரியில் ஏற்றி, மூன்று மணி நேரம் ஓட்டி, கடலோர நகரத்துச் சந்தையில் விற்பார். காவ்லி எட்டு வயதிலிருந்து அந்தக் கடையில் நின்றிருக்கிறாள். சந்தைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்தப் பெரிய பல்கலைக்கழகம். முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் அங்கிருந்து வந்து பாகற்காயைக் கையில் எடுத்து, இதை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லையே என்று அவளுக்கு ஒரே குஷி. அவர்களோடு ஒருத்தியாகப் போய்விட வேண்டும் என்ற ஆசையும் அங்கேதான் பிடித்தது.

பள்ளி முடித்ததும் அங்கே விண்ணப்பித்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டாள். மாநிலத்தில் பாதிப் பேர் கேட்பது அதைத்தான். இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் நாங்கள் இருவரும் சேர்ந்தது வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில், மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருக்கும் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகத்தில். நான் வரலாறு. அவளுக்கு இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைக்கிற இடம் இல்லை, வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கும். அவள் பெரியப்பா மகன் நெங்குக்கு எங்கேயும் கிடைக்காமல், ஊரிலேயே இரண்டு வருடக் கல்லூரியில் சேர்ந்தான். அந்தக் கோடையில் மூவா வீட்டில் பன்றி அறுத்துப் பெரிய விருந்து. உறவு மொத்தமும் வந்து காவ்லியின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தியது. நூல் கட்டாத இடமே இல்லாமல் முழங்கை வரை போனது. நெங் ஒரு மூலையில் உட்கார்ந்து கறி தின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்த அத்தைமாரெல்லாம் "பரவால்லப்பா, ரெண்டு வருஷம்தானே" என்று துக்கம் விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே அறை. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று, நான்கு கிரெடிட் என்று கணக்கு. அரை வருடத்துக்குப் பதினைந்து எடுத்தால் நல்ல பிள்ளை. நான் பன்னிரண்டோடு நின்று கும்பிடு போட்டுவிடுவேன். அதற்கும் கீழே இறங்கினால் முழுநேர மாணவி இல்லை என்று உதவித்தொகையை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் இன்னும் இறங்கியிருப்பேன். காவ்லி இருபதுக்கு மேல் எடுப்பாள். அதற்கு டீன் அலுவலகத்தில் தனி அனுமதி வேண்டும். ஒவ்வொரு தடவையும் போய் வாங்கி வருவாள். கோடை விடுமுறையிலும் விடமாட்டாள்.

"உனக்கு எதுக்குடி கடல் உயிரியல்?" என்று ஒருநாள் கேட்டேன். "மீனுக்கு புரோகிராம் எழுதப் போறியா?"

"செவ்வாக்கிழமை மத்தியானம் காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா மனுஷங்க தூங்குவாங்க."

"தூங்கினா கிரெடிட் தருவாங்களா?"

அவள் கணக்கு எளிமையானது. கடலோரப் பல்கலைக்கழகம் ஒருமுறை வேண்டாம் என்றது. இரண்டாம் ஆண்டு முடிவில் அங்கே மாறிக்கொள்ள மறுபடி கேட்கலாம். அதற்குள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு படித்து, எல்லாவற்றிலும் ஏ வாங்கிக் காட்டினால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மறுபடி வேண்டாம் என்பார்கள்? அவள் அப்பாவுக்கும் இது நியாயமாகப் பட்டது. ஒரு பெட்டி காராமணி கொண்டுபோகிறவனைவிட இரண்டு பெட்டி கொண்டுபோகிறவன் கெட்டிக்காரன். எங்கள் அம்மாவுக்கும் நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். நாங்களெல்லாம் கூலிக்குப் பழம் பறித்து வளர்ந்த வீடுகள். அதிகம் செய்தால் அடி விழும் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் கேட்டது வேறு. "இங்க என்னடி கொறைச்சல்? அதே பாடம், அதே புத்தகம். மாட்டு நாத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவுதானே?"

அவள் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "இங்க புரொபசர் கேள்வி கேட்டா எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க நொஹே. போன வாரம் நான் தப்பா சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. எனக்குப் பயமா போச்சு. என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க நடுவுல ஒருதரமாவது உக்காரணும்டி. அவ்வளவுதான்."

"அப்ப நான் யாரு, மரமா?"

"நீ ஹிஸ்டரி."

தலையணையை எடுத்து அடித்தேன். ஆனாலும் அவள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. எனக்கு அப்படி ஒரு ஆசை வந்ததே இல்லை. என்னைவிடத் தெரிந்தவர்கள்தான் என்னைச் சுற்றி எப்போதும் இருக்கிறார்கள், அதில் பெரிய சுகம் ஒன்றும் கண்டதில்லை.

இரண்டாம் ஆண்டு நவம்பரில் விண்ணப்பம் போனது. எடுத்த பாடம், வாங்கிய மார்க், வரும் அரை வருடம் எடுக்கப்போகிற பாடம் எல்லாவற்றையும் எழுத வேண்டும். இடம் போதாமல் கீழே கீழே வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமைப்பட்டேன், இவளை யார் வேண்டாம் என்பார்கள் பார்க்கலாம் என்று.

டிசம்பர் கடைசியில் ஃபிரெஸ்னோவில் மோங் புத்தாண்டு. பொருட்காட்சி மைதானம் முழுக்க வெள்ளிக் காசு தைத்த சட்டைகளின் சத்தம். இளவட்டங்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று பந்து போட்டுப் பிடித்து, அந்தச் சாக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். காவ்லியை அவள் அம்மா முழு அலங்காரத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். எதிர் வரிசையில் நின்ற யாரோ ஒருவனோடு அவள் முறைத்துக்கொண்டே பந்து போட்டாள். கொஞ்ச நேரத்தில் கழன்று எங்களிடம் வந்துவிட்டாள். நானும் நெங்கும் பப்பாளிக்காய்ப் பச்சடித் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். சற்றுத் தள்ளி அவள் அப்பா தன் குலத்துப் பெரியவர்கள் நடுவில் நின்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு புள்ளைங்க படிக்கிறத என் பொண்ணு ஒருத்தியே படிக்கிறா."

நெங் மெல்லுவதை நிறுத்தினான். "சித்தப்பா என்ன சொல்றாரு? நீ எத்தன கிரெடிட் வெச்சிருக்க?"

"எண்பத்து மூணு," என்றாள் காவ்லி. கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னாள்.

"இப்பவேவா? ஜூன்ல?"

"நூத்தி அஞ்சு."

"எல்லாமே உங்க யூனிவர்சிட்டியில எடுத்ததா?"

"ஆமாண்ணே. ஏன்?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். "போச்சு."

"என்ன போச்சு?"

"தொண்ணூறுக்கு மேல போனா அங்க எடுத்துக்க மாட்டாங்க. நாலு வருஷப் படிப்புல முக்கால்வாசி முடிச்சவ, இருக்கிற எடத்துலயே முடிச்சுக்கோன்னு விட்டுருவாங்க. ஆள் படிக்கிறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே ஒதுக்கிரும்."

"பொய் சொல்லாத."

"எங்க காலேஜ்ல வேற பேச்சே கெடையாது காவ்லி. காலைல காபி குடிக்கிறப்பவே எந்த யூனிவர்சிட்டிக்கு எப்படி மாறுறதுன்னுதான் பேசுவாங்க. எங்களுக்கு முதல் உரிமை, அது தெரியுமா? ரெண்டு வருஷக் காலேஜ் பசங்களுக்குக் குடுத்து மிச்சம் இருந்தாத்தான் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு. எங்க கிரெடிட்டு எவ்வளவு சேந்தாலும் அந்தக் கணக்குலயும் வராது."

போனில் எடுத்துக் காட்டினான். மூன்று தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. அப்படித்தான் போட்டிருந்தது. யாரும் மறைத்து வைக்கவில்லை. அவளைப்போல் படித்துத் தள்ளுகிற ஆள் தேடிப் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பதை மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். அதிகபட்சம் என்று ஒன்று இருக்கும் என எங்களில் யாருக்குத் தோன்றும்?

காவ்லியின் சட்டையில் இருந்த காசுகள் லேசாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அப்போதுதான் அவள் நடுங்குவதைக் கவனித்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நெங் மேல் கோபம், அவன் சொன்னது சரி என்பதால். ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த டீன் அலுவலகத்து ஆள்மேல் அதைவிடக் கோபம். ஏம்மா, எதற்கு இத்தனை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

"விடு, இருக்கிற எடத்துலயே முடிச்சிட்டு மேல்படிப்புக்கு அங்க போயிக்கலாம்," என்றான் நெங். ஆறுதலாகத்தான் சொன்னான். "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

அதில்தான் அவன் ஏமாந்தான். காவ்லி இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் என்னை வந்து பார்த்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் தலை வாரியிருந்தாள். ஜனவரி முடிவதற்குள் விண்ணப்பத்தில் ஒரு திருத்தம் செய்யலாமாம். வரும் அரை வருடத்துப் பாடங்களை மாற்றிக் கொடுக்கலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் இனி ஒரு கிரெடிட்கூட எடுக்காவிட்டால் எண்பத்து மூன்றிலேயே நிற்கும்.

"அப்ப எடுக்காத. விட்டுது சனியன்," என்றேன்.

"அங்க கேக்கற பாடத்துல ரெண்டு பாக்கி இருக்கு. பிசிக்ஸ் ஒண்ணு, மேத்ஸ் ஒண்ணு. ரெண்டும் எட்டு கிரெடிட்."

கூட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று.

"ஒண்ணே ஒண்ணு கூடவாடி?"

"ஒண்ணே ஒண்ணு. அந்த மீன் பாடத்த எடுக்காம இருந்திருந்தா போதும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். எட்டை மட்டும் எடுத்தாலும் முழுநேர மாணவி இல்லை, உதவித்தொகை நின்றுவிடும். ஆக ஒரே வழிதான். பல்கலைக்கழகத்தை விட்டு விலகி வீட்டுக்கு வந்து, அந்த இரண்டு பாடத்தை நெங்கின் கல்லூரியில் படிப்பது. அந்தக் கிரெடிட் கணக்கில் ஏறாது. ஆனால் விலகினால் இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் அவள் இடம் போய்விடும். திரும்பி வந்தால் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கடலோரப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். முன்கூட்டி எதுவும் சொல்வதற்கில்லை என்று ஒரு பெண்மணி இனிமையாகச் சொன்னார்.

கையில் இருப்பதை விட்டால்தான் கேட்கவே முடியும், கேட்டாலும் கிடைக்காமல் போகலாம். நானாக இருந்தால் மாட்டு நாற்றத்தோடு சமாதானமாகியிருப்பேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "அப்பாகிட்ட சொல்லணும், கூட வரியா?"

வயலில் அவள் அப்பாவும் அம்மாவும் எலுமிச்சம்புல் பாத்திகளுக்கு மேல் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று உறைபனி வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்களும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டோம். காவ்லி சொல்லி முடிக்கும்வரை அவள் அப்பா நிமிரவே இல்லை.

"போன வாரம்தான் அத்தன பேரு முன்னாடி சொன்னேன்," என்றார். "அதிகமா படிச்சதால வேணாங்கறாங்களா? அதிகமா படிச்சதாலயா?"

"ஆமாப்பா."

"என்ன ஊருடா இது."

அவள் அம்மாவின் கவலை வேறு. "இருபது வயசுப் பொண்ணு பாதியில வீட்டுக்கு வந்து உக்காந்தா என்ன பேசுவாங்க தெரியுமா? மாப்பிள யாருன்னு கேப்பாங்க. இல்லன்னா எத்தன மாசம்னு கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும்மா. வயிறு தன்னால பதில் சொல்லிரும்."

"வாயப் பாரு."

அப்பா கல்லைத் தூக்கி பிளாஸ்டிக் ஓரத்தில் வைத்தார். "அங்க கெடைக்கலன்னா?"

"இங்கயும் இருக்காது, அங்கயும் இருக்காது."

"கெடைக்கும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்பறம் எத வெச்சும்மா போறே?"

காவ்லி கையிலிருந்த பிளாஸ்டிக் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். "விடலன்னா கண்டிப்பா கெடைக்காது. அது ஒண்ணுதான்பா உறுதியா தெரியும். மத்தது எதுவும் தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவர் அடுத்த பாத்திக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அதன் ஓரத்துக்கும் கல் வைத்து முடித்த பிறகுதான் பேசினார். "சனிக்கிழம சந்தைக்கு ஆள் பத்தல. வர்றதா இருந்தா சீக்கிரம் எந்திரிக்கணும்." காவ்லியின் அம்மா பெருமூச்சு விட்டார். அந்த வீட்டில் சம்மதம் இப்படித்தான் வரும்.

அறையில் உட்கார்ந்து அவள் பாடங்களை விட்ட அன்று நான் கூட இருந்தேன். பதிவுப் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே விடுகிறேன் என்று ஒரு பொத்தான். ஒன்றை அழுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள், பிறகு அடுத்தது. காத்திருந்தவர்கள் அந்த நிமிடமே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பிறந்ததிலிருந்து எதையும் விட்டுப் பழகாத பெண். கடைசிப் பாடத்தில் விரல் நின்றுவிட்டது. நான் அழுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டி அவளே அழுத்தினாள். அடுத்த வாரம் அவள் கட்டிலுக்கு ஒருத்தி வந்தாள். பகலெல்லாம் மூக்கு உறிஞ்சுகிற பெண். எனக்கு அந்த அரை வருடமே பிடிக்கவில்லை.

காவ்லி போன் செய்வாள். இரண்டே பாடம் படிப்பது அவளுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

"மத்தியானத்துக்கு மேல என்ன பண்றதுன்னே தெரியலடி. நேத்து மண்பாண்டம் செய்யற வகுப்புல எடம் இருந்துச்சு. பேரு குடுக்கலாம்னு போனேன்."

"அடிப்பாவி."

"கிரெடிட் கணக்குல வராதுடி. ஆனா நெங் அண்ணன் பாத்துட்டான். வராண்டாவுலயே வெச்சுக் கத்தினான். 'உனக்கு வந்திருக்கிறது சீக்கு, வா வெளிய'ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். எல்லாரும் பாத்தாங்க."

பெண் வீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அத்தைமார் ஜாதகம் தூக்காத குறையாக வந்தார்கள். மினசோட்டாவில் ஒரு பையன், சொந்த வீடு, கோழிப் பண்ணை என்று போட்டோவே வந்துவிட்டது. முதலில் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்த காவ்லியின் அம்மா, பிறகு தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். "அவ கிரெடிட்ட கொறைக்க வந்திருக்கா" என்பார், உடம்பு இளைக்கப் போனவளைப் பற்றிச் சொல்வதுபோல். கேட்டவர்களுக்குப் புரியாது. புரியாததால் அடுத்த கேள்வியும் வராது.

நெங்கும் அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே பாடத்துக்குக் கேட்டிருந்தான். முதல் உரிமைக்காரன். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பிசிக்ஸ் போட்டார்கள். ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இருவருமே பேசிக்கொண்டதில்லை என்று காவ்லி பின்னால் சொன்னாள். ஏப்ரலில் முதலில் அவனுக்குப் பதில் வந்தது. இல்லை. தெற்கே வேறொரு பல்கலைக்கழகத்தில் கிடைத்திருந்தது. அது நல்ல இடம்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் அவன் போனை எடுக்கவில்லை. முதல் உரிமைக்காரனுக்கே இல்லை என்றதும் காவ்லி பழைய பல்கலைக்கழகத்தில் மறுபடி வரிசையில் நிற்பது எப்படி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் பதில் வந்த வெள்ளிக்கிழமை நான் ஊரில் இருந்தேன். மறுநாள் சந்தைக்காக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் எல்லோரும் கொத்துமல்லிக் கட்டு போட்டுக்கொண்டிருந்தோம். போன் சத்தம் கேட்டது. காவ்லி கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். படித்தாள். மறுபடி மேலே போய்ப் படித்தாள். அவள் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"என்னடி? சொல்லித் தொலை."

"வரச் சொல்லிட்டாங்க," என்றாள்.

அவள் அம்மா கையிலிருந்த கட்டைப் போட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டார். அப்பா கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். போனை எடுத்துத் தன் அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, கெடைச்சிருச்சு. ஆமா. ஆமா, கம்மியா படிச்சுத்தான் கெடைச்சுது." எங்களுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் நெங் வந்து வாசலில் நின்றான்.

"எனக்கு உரிமை, உனக்கு சீட்டு," என்றான். "நல்ல நியாயம்டா சாமி."

"அண்ணே..."

"அழாத. எனக்கு நெஜமாவே சந்தோசம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் சந்தோசமா இருப்பேன். இன்னைக்கு இவ்வளவுதான் முடியுது."

உட்கார்ந்து அவனும் கட்டுப் போட்டான். அந்தப் பையனை அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடித்தது.

ஆகஸ்டில் மறுபடி நூல் கட்டினார்கள். இந்தத் தடவை இருவருக்கும், பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து. துக்கம் விசாரித்த அத்தைமாரெல்லாம் அவன் கையில் கட்டிவிட்டு எதுவும் நடக்காததுபோல் கறி பரிமாறினார்கள். காவ்லி போனாள். அதன் பிறகு அவளிடமிருந்து வந்ததெல்லாம் ஒரு வரிச் செய்தி. நல்லா இருக்கேன். வேலை நெறைய. அப்பறம் கூப்பிடறேன். எனக்குச் சந்தேகமாக இருந்தது. காவ்லி ஒரு வரியில் பேசினால் உள்ளே ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டாள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம்.

"முதல் பரிச்சை பேப்பர் குடுத்தாங்க நொஹே."

"எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு."

இரண்டாம் வகுப்பிலிருந்து அவள் வாங்காத எண் அது.

"வகுப்பு சராசரி எவ்வளவுடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அறுபத்திரண்டு. நான் ரொம்பக் கீழ."

"அழறியா?"

"அழுதேன். பாத்ரூம்ல போயி நல்லா அழுதேன். ஊருக்கே வந்துரலாம்னு தோணுச்சு. எல்லாத்தையும் விட்டுட்டு இதுக்கா வந்தேன்னு." மூக்கை உறிஞ்சினாள். "அப்பறம் திரும்பி வந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, மூணாவது கணக்க எப்படிப் போட்டிருக்கான்னு பாத்தேன். நாலே வரிடி. நான் ரெண்டு பக்கம் எழுதித் தப்பா போட்டத நாலு வரியில முடிச்சு வெச்சிருக்கா. அப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தெரியாது."

அவள் குரல் மாறியிருந்தது. நாற்பத்தொன்று வாங்கினவள் பேசுகிற குரலாக அது இல்லை.

"சரி, நீ என்ன பண்ணின?"

"சொல்லிக்குடுன்னு கேட்டேன்."

இத்தனை வருடத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்பதற்கு ஆள் இருந்ததில்லை.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் காவ்லி. "கொஞ்சம் நகந்து எடம் குடுத்தா."